ஜி பிளாக்குக்கு கரண்ட் தேவையில்லை

தண்டையார்பேட்டை டோல்கேட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் அடுக்குக் குடியிருப்புகளில் ஜி பிளாக்தான் கடைசி. அதன் முற்றத்தில் ஒரு அடிபம்பு உண்டு. அதில் தண்ணீர் வந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனாலும் அதைப் பிடுங்க யாரையும் விட்டதில்லை. ஏன் என்று வெளியாள் யாராவது கேட்டால், "இருந்துட்டுப் போவுது, உனக்கு இன்னா பேஜாரு?" என்று வாயை அடைத்துவிடுவார்கள். நிஜக் காரணம் என்னவென்றால், முற்றத்துக்குள் காக்கிச் சட்டையோ, கக்கத்தில் ஃபைலோ நுழைந்ததும், கீழே அயர்ன் கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பன் ஒரு ஸ்பேனரை எடுத்து அந்தப் பம்பின் தலையில் மூன்று தட்டு தட்டுவார். டங், டங், டங். மேல்மாடி வரைக்கும் கேட்கும்.

கேட்டதும் பிளாக்கே ஒரு குலுக்கு குலுங்கும். கரண்ட் அடுப்பு கட்டிலுக்கடியில் போகும். மிக்ஸி அரிசி டிரம்முக்குள் இறங்கும். கிரைண்டர் மேல் புடவை போர்த்தி, பக்கத்தில் பாயைச் சாய்த்துவிட்டால் அது துணி மூட்டை. கிருஷ்ணப்பனே தன் கரண்ட் அயர்ன் பாக்ஸைத் துணிக்கடியில் தள்ளிவிட்டு, பழைய கரிப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து அதை ஊதுவது போல் உட்கார்ந்துவிடுவார். வந்தவர் படியேறிப் பார்த்தால் வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு ஃபேன், அரசாங்கம் கொடுத்த கலர் டிவி. அவ்வளவுதான். அவர் தெருமுனை திரும்பியதும் பம்பில் ஒரே ஒரு தட்டு விழும். போயாச்சு என்று அர்த்தம். எல்லாம் மறுபடி வெளியே வரும்.

இந்த ஏற்பாடு முழுக்க முழுக்க கன்னியம்மாவின் மூளை. கன்னியம்மா இரண்டாம் மாடி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. ஜி பிளாக் மகளிர் குழுவுக்குத் தலைவி. அவள் வாய்க்கு டோல்கேட் ஆட்டோ ஸ்டாண்டே பயப்படும். புருஷன் சின்னப்பையன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர், வீட்டுக்கு வந்தால் வாய் திறக்காத மனுஷன். திறக்க இடம் கிடைத்தால்தானே.

அந்தக் குடியிருப்பைக் கட்டிய காலத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு ஃபேன் போதும் என்று ஒயர் இழுத்தார்கள். அதற்குமேல் எது போட்டாலும் தப்பு. கரண்ட் ஆபீஸிலிருந்து சோதனைக்கு ஸ்குவாடு வந்தால் அபராதம், பொருளும் போய்விடும். ஜனங்கள் என்ன செய்வார்கள்? கரண்ட் அடுப்பு வாங்கினார்கள், ஒளித்தார்கள். ஒயர் தாங்காமல் ஃபியூஸ் போகும் என்பதால் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். காலையில் கிழக்குப் பக்கம் அடுப்பு, மேற்குப் பக்கம் மிக்ஸி. சாயங்காலம் மாற்றி. அப்படியும் ஃபியூஸ் போனால் புகார் கொடுக்க மாட்டார்கள். புகார் கொடுத்தால் லைன்மேன் வருவார், லைன்மேன் வந்தால் கண்ணால் பார்ப்பார். கிருஷ்ணப்பனே ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிடுவார். கம்ப்ளெயிண்ட் புத்தகத்தில் ஜி பிளாக் என்கிற பெயரே கிடையாது. இந்த ஊரிலேயே இவ்வளவு ஒழுக்கமான பிளாக் வேறு இல்லை.

அந்த ஒழுக்கம்தான் கடைசியில் காலை வாரிவிட்டது.

ஒரு கோடையில், வெயில் தார் ரோட்டையே இளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு காலேஜ் பிள்ளைகள் ஃபைலோடு வந்தார்கள். பட்டணத்தின் வெக்கையையும் புகையையும் குறைக்க ஏதோ திட்டம் போடுகிறார்களாம், எந்த வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்க வந்தார்களாம். ஃபைலைப் பார்த்த கிருஷ்ணப்பன் மூன்று தட்டு தட்டிவிட்டார். பிள்ளைகள் வீடு வீடாகப் போய் ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவி என்று எழுதிக்கொண்டு போனார்கள். கன்னியம்மா அவர்களை உட்காரவைத்து, கிருஷ்ணாயில் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து, டீ போட்டுக் கொடுத்து வழியனுப்பினாள். "பாவம், பச்சப் புள்ளைங்கோ," என்று மாடியே சிரித்தது. அதோடு அதை மறந்தும் போனார்கள்.

கன்னியம்மாவுக்கு மகிழினி என்று ஒரே பெண், மூன்றாம் வகுப்பு. அதற்கு வீசிங். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் சாம்பல் காற்று ஒரு பக்கம், ஹைரோட்டில் மீஞ்சூருக்கும் மாதவரத்துக்கும் ஓடுகிற லாரிப் புகை ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஒற்றை அறைக்குள் எரியும் கிருஷ்ணாயில் ஸ்டவ். ஸ்டான்லி ஆஸ்பத்திரி டாக்டர் கட் அண்ட் ரைட்டாகச் சொல்லிவிட்டார்: "ரோட்டை உங்களால நிறுத்த முடியாதும்மா. ஸ்டவ்வை நிறுத்தலாம். அது உள்ள எரியற வரைக்கும் நான் எழுதற மருந்து பாதிதான் வேலை செய்யும்."

நிறுத்தலாம், ஆனால் எதில் சமைப்பது? கேஸுக்குப் பேர் கொடுத்து, வரும் வரும் என்று காத்திருந்து அலுத்துப்போனது. கரண்ட் அடுப்போ அவள் முறைக்கு மட்டும்தான் எரியும். மீறிப் போட்டால் பிளாக்கே இருண்டுவிடும். ஆக, பாதிச் சமையல் கரண்டில், மீதி கிருஷ்ணாயிலில். ராத்திரி வந்தால் பிள்ளையின் நெஞ்சு விசில் அடிக்கும். நடுச்சுவர் அரைச் செங்கல் கனம். அந்தப் பக்கம் ஜஹானாரா. சத்தம் அதிகமானால் ஜஹானாரா சுவரில் தட்டுவாள். வெந்நீர் வேண்டுமா, ஆட்டோ கூப்பிடவா என்று அதற்கு அர்த்தம். கன்னியம்மா பதிலுக்குத் தட்டுவாள். இப்படியே எத்தனை ராத்திரி போயிற்று என்று இரண்டு பேரும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஜனங்களோடு ஒரு கூட்டம், கரண்ட் அடுப்பு பற்றிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கன்னியம்மா குழுப் பெண்களையெல்லாம் இழுத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

பேசியது ஹில்டா என்று ஒரு இளம் இன்ஜினியர். ராயபுரத்துப் பெண். மைக்கைப் பிடித்தவுடன் வணக்கம் கிணக்கம் என்று இழுக்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாள். ஊர் வருஷா வருஷம் சூடாகிறது. வீட்டுக்குள் எரிகிற மண்ணெண்ணெயை நிறுத்த வேண்டும், அதற்குக் கரண்ட் அடுப்பு வேண்டும். அதற்கு முன்னால் அதைத் தாங்குகிற ஒயரும் டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ரொம்பக் கஷ்டப்படுகிற இடம் முதலில். சொல்லிவிட்டு சுவரில் ஒரு பெரிய மேப்பை விரித்தாள். சிவப்பு அடித்த இடங்களுக்கு இந்த வருஷமே வேலை. மஞ்சளுக்கு அடுத்தது. பச்சை அடித்த இடங்களுக்குத் தேவையில்லை.

ஜி பிளாக் பளபளவென்று பச்சையாக இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் பச்சை.

பின்னாலிருந்து கிருஷ்ணப்பன், "பச்சைன்னா நல்லதுதானே?" என்று பெருமையாகப் பக்கத்து ஆளிடம் சொன்னார்.

கன்னியம்மா அந்தப் பச்சையையே பார்த்தாள். அந்த டீ, அந்தப் பச்சைப் பிள்ளைகள், அந்த மூன்று தட்டு எல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தன. தன் பிள்ளையின் மூச்சைத் தானே கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்துவிட்டோமே என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை அவள். எழுந்தாள்.

"மேடம், அந்தப் பச்சைய அழிங்க. நாங்க சொன்னது பொய்யி."

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்திலிருந்த ஜஹானாரா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கன்னியம்மா முந்தானையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க பிளாக்குல வூட்டுக்கு வூடு கரண்ட் அடுப்பு கீது. மிக்ஸி கீது, கிரைண்டர் கீது, தையல் மோட்டார் கீது. வந்தவங்க கையில ஃபைலப் பாத்துட்டு ஸ்குவாடுன்னு நென்சி எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சிட்டோம். ஒளிக்கச் சொன்னதே நான்தான். எதுனா தண்டனை இருந்தா எனக்குக் குடுங்க. பச்சைய மட்டும் அழிச்சிருங்க."

ஹில்டா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் கணக்கு உதைச்சுதும்மா. இத்தனை குடும்பம் இருக்கற எடத்துல ஒரு கம்ப்ளெயிண்ட் கூட இல்லைன்னா, ஒண்ணு அது சொர்க்கமா இருக்கணும், இல்லைன்னா யாரோ மறைக்கணும். ஆனா நீங்க வாயால சொன்னதை வெச்சு நான் கலரை மாத்த முடியாது. லிஸ்ட் வெள்ளிக்கிழமை மேலே போகுது. வியாழக்கிழமை சாயந்தரம் ஏழு மணிக்கு வரேன். மீட்டர் வெச்சுப் பாக்கறேன். பிளாக்குல இருக்கற எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடுங்க. எவ்ளோ இழுக்குதோ அதை எழுதிக்கறேன்."

"ஸ்குவாடு வருமா?" என்று ஜஹானாரா உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நான் வீட்டு நம்பர் எழுத மாட்டேன், பேர் எழுத மாட்டேன். மொத்தக் கணக்கு மட்டும்தான். என் கையில இருக்கறது அவ்ளோதான், மத்தவங்க செய்யறதுக்கு நான் வாக்கு குடுக்க முடியாது," என்றாள் ஹில்டா. பொய்யாக ஒரு வாக்கு கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அது கன்னியம்மாவுக்குப் பிடித்தது, மற்ற யாருக்கும் பிடிக்கவில்லை.

அன்றைக்கு முற்றத்தில் நடந்த சண்டை டோல்கேட் வரை கேட்டிருக்கும். ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். தலைவின்னா நம்மளக் காப்பாத்தணும், இவ மாட்டி வுட்றா என்றார்கள். அத்தனை பேருக்கும் கன்னியம்மா பதில் வைத்திருந்தாள். அவள் குரல் இறங்கியது ஜஹானாராவிடம் மட்டும்தான், ஏனென்றால் ஜஹானாரா கத்தவில்லை.

"எனக்கு நடந்தது உனக்குத் தெரியும்ல கன்னி?" என்றாள். தெரியும். முன்பு ஒரு தடவை ஸ்குவாடு வந்தபோது ஜஹானாராவின் தையல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி ஒன்று வாங்கும் வரைக்கும் காலால் மிதித்தே ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்தாள். இரண்டு முட்டியும் வீங்கிப்போய், படி இறங்க முடியாமல் அழுதாள். அதற்குப் பிறகுதான் கன்னியம்மா இந்தப் பம்பு ஏற்பாட்டையே செய்தாள். "உன் புள்ள மேல எனக்குப் பாசம் இல்லன்னு நெனைக்காத," என்றாள் ஜஹானாரா. "ராவுல அது இழுக்குறப்போ உன்கூட நானும்தான் முழிச்சிகினு கீறேன். ஆனா மோட்டார் போச்சுன்னா என் வூட்டுல அடுப்பே எரியாது. ஒரு புள்ளைக்கோசரம் அத்தினி வூட்டையும் பணயம் வெக்கறியே, நாயமா?"

"என் புள்ள ஒண்ணுதான் இழுக்குதா?" என்றாள் கன்னியம்மா. "மேல்மாடிக் கொழந்தைக்கு இன்னா? நம்ப கிருஷ்ணப்பண்ணன் இருமுறாரே, அது இன்னா? உனக்கே காலையில ஸ்டவ் பத்த வெச்சா கண்ணுல தண்ணி கொட்டுது. இப்பவே சொல்லலன்னா நம்பள பச்சையிலயே வெச்சிருவாங்கக்கா. காலத்துக்கும் ஒளிச்சிகினே குந்தினு கிடக்க வேண்டியதுதான்."

ஜஹானாரா படியேறிப் போய்விட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறியதைக் கன்னியம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முட்டியைப் பார்த்தபோது மட்டும்தான் அவளுக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

பயத்தையெல்லாம் அவள் காலையில் எழுந்து வாசல் கூட்டும்போதே கூட்டித் தள்ளிவிட்டாள். வீடு வீடாகப் போனாள். சிலரிடம் கெஞ்சினாள், சிலரைத் திட்டினாள், மேல்மாடி மாமியாரிடம் மருமகளைக் கோர்த்துவிட்டாள், மருமகளிடம் மாமியாரை. கடைசியில் எல்லாரும் சரி என்று தலையாட்டினார்கள். ஜஹானாரா வீட்டுக் கதவை மட்டும் அவள் தட்டவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கத்தரிக்கோல் ஓடுகிற சத்தம் கேட்டது. போய்விட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. ஏழு அடிக்கிற நேரத்தில் ஜி பிளாக்கைப் பார்த்திருக்க வேண்டும். தீபாவளிக்குக்கூட அப்படி இருந்ததில்லை. கிரைண்டரில் மாவு, மிக்ஸியில் சட்னி, அடுப்பில் மீன் குழம்பு, வேண்டுமென்றே வெந்நீர் ஹீட்டர். ஒளித்து ஒளித்துப் பழகிய சாமான்கள் எல்லாம் முதல் தடவையாக ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தன. சுவிட்சில் கை வைத்தபடி ஆட்கள் தயாராக நின்றார்கள். முதலில் போட ஆரம்பித்தது கிழக்குப் பக்கம், பிறகு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போனது. சின்னப்பையன் லீவு போட்டுவிட்டு வந்து வீட்டுக் கரண்ட் அடுப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். மகிழினி வராண்டாக் கம்பியில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

ஜீப் வந்து நின்றது. ஹில்டா இறங்கினாள், கையில் ஃபைல். கூடவே ஒரு லைன்மேன், காக்கிச் சட்டையில். கன்னியம்மா எதிர்கொண்டு போய் முற்றத்து மூலையில் பிளாக்குக்கே கரண்ட் பிரிகிற பில்லர் பாக்ஸைக் காட்டினாள். லைன்மேன் கதவைத் திறந்தார். ஹில்டா இடுக்கி மாதிரி வாய் திறக்கிற ஒரு மீட்டரை எடுத்து ஒயரைக் கவ்வப் பிடித்தாள். முள் மேலே ஏறியது.

அப்போது விழுந்தது. டங், டங், டங்.

கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் பம்புக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நின்றிருந்தார். தன் கையைத் தானே ஏதோ அன்னியமான பொருள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கியப் பாத்தேனா... ஃபைலயும் பாத்தேனா... கை தானாப் போயிருச்சுமா," என்றார்.

அவர் கை மட்டுமா தானாகப் போயிற்று? மாடி மாடியாகக் கிரைண்டர் நின்றது. மிக்ஸி நின்றது. டமடமவென்று கட்டிலுக்கடியில் எதையோ தள்ளுகிற சத்தம். அரிசி டிரம் மூடிகள் விழுகிற சத்தம். இதையெல்லாம் யாரும் யோசித்துச் செய்யவில்லை. வருஷக்கணக்காகப் பழகிய கை, காது கேட்ட உடனே வேலையை முடித்துவிட்டது. கன்னியம்மா அண்ணாந்து தன் வீட்டைப் பார்த்தாள். சின்னப்பையன் கரண்ட் அடுப்பைச் சூட்டோடு சூடாகத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடுவது ஜன்னலில் தெரிந்தது. அந்த மனுஷன் வாழ்க்கையிலேயே அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

"என்னம்மா இது, ரீடிங் இறங்குது?" என்றாள் ஹில்டா. முள் சரசரவென்று கீழே வந்து, வீட்டுக்கு ஒரு பல்பு, ஒரு ஃபேன், ஒரு டிவியில் வந்து நின்றது. பழைய ஃபைலில் எழுதியிருந்த அதே கணக்கு. லைன்மேன் உதட்டைப் பிதுக்கினார்.

கன்னியம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கிருஷ்ணப்பனை அந்தப் பம்போடு சேர்த்துப் பூமியில் புதைக்க வேண்டும் போலவும் இருந்தது. நேரே போய் அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கி, பம்பில் ஒரு தட்டு தட்டினாள். டங். போயாச்சு.

வராண்டாக் கம்பிகளுக்கு மேலே தலைகள் எட்டிப் பார்த்தன. காக்கிச் சட்டை கீழேயே நிற்கிறது. ஃபைல் கீழேயே நிற்கிறது. போயாச்சு என்றால் எப்படி நம்புவது? ஒரு தட்டு இதுவரை பொய் சொன்னதே இல்லை. ஒருத்தரும் அசையவில்லை. இத்தனை நாள் சரி சரி என்று தலையாட்டியவர்கள், நிஜமாகவே காக்கியைப் பார்த்ததும் பழையபடி ஆகிவிட்டார்கள்.

"நான்தான் தட்னேன்," என்று கன்னியம்மா மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "கேட்டுக்கோங்க. இவங்க போவல, இங்கதான் கீறாங்க. நல்லா பாக்கட்டும். இத்தினி வருஷம் மறைச்சோமே, இன்னா கண்டோம்? புகையத்தான் துன்னோம். என் வூட்டு அடுப்ப மொதல்ல எடுத்து வைங்க. யோவ், உன்னைத்தான்யா, அத்த வெளியக் கொண்டா."

சின்னப்பையன் துணியில் சுற்றிய அடுப்போடு வராண்டாவுக்கு வந்தார். பாவம், எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் முழித்து, கடைசியில் உள்ளே கொண்டுபோய் மாட்டினார். மற்ற வீடுகள் அப்படியே இருந்தன. ஒரு அடுப்பு போட்டு என்ன ஆகும்? முள் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது.

ஹில்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பேனாவின் மூடியைத் திறந்தாள். அதுதான் கன்னியம்மாவுக்குத் தாங்கவில்லை. ஃபைலில் மறுபடியும் பச்சை விழப்போகிறது, மழைக்காலம் வரும், பனிக்காலம் வரும், பிள்ளையின் நெஞ்சு மறுபடி விசில் அடிக்கும். இதற்கு மேல் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கன்னியம்மாவுக்கே வார்த்தை இல்லாமல் போனது அந்தப் பிளாக்கில் அதுதான் முதல் தடவை.

அப்போது இரண்டாம் மாடியில் எதையோ தரதரவென்று இழுக்கிற சத்தம் கேட்டது. ஜஹானாரா தன் தையல் மெஷினை வீட்டுக்குள்ளிருந்து வராண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள், எல்லாரும் பார்க்கிற மாதிரி, கம்பிக்குப் பக்கத்தில். ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டு மாட்டினாள். கீழே நிற்கிற காக்கியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டாரை அழுத்தினாள். டர்ரென்று ஓடியது.

"பாத்துக்கோ தம்பி," என்று லைன்மேனிடம் சொன்னாள். "மோட்டார்தான். இத்த வெச்சுதான் நான் சோறு துன்றேன். எழுதிக்கோ."

முதலில் ஜஹானாராவுக்கு எதிர்வீட்டு மிக்ஸி கத்தியது. பிறகு அதன் மேல்வீட்டுக் கிரைண்டர். பிறகு எது எதற்குப் பிறகு என்று சொல்ல முடியாது. கட்டிலுக்கடியிலிருந்தும் டிரம்முக்குள்ளிருந்தும் எல்லாம் வெளியே வந்தன. ஒரு பெண் அயர்ன் பாக்ஸைக் கம்பிக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போய் மாட்டினாள். கிருஷ்ணப்பன் கரிப்பெட்டியை ஓரமாகக் கடாசிவிட்டு, தன் கரண்ட் பெட்டியை மேசை நடுவில் வைத்தார். ஹில்டா கையிலிருந்த மீட்டரில் முள் ஏறியது. இன்னும் ஏறியது. லைன்மேன் குனிந்து பார்த்தார்.

"மேடம், இது தாங்காது மேடம்," என்றார்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஹில்டா, கண்ணை எடுக்காமல். ஒரு எண்ணை எழுதினாள். அடித்துவிட்டு அதற்கு மேலான ஒன்றை எழுதினாள்.

பில்லர் பாக்ஸுக்குள் பட்டென்று ஒரு வெடி. நெருப்புப் பொறி ஒன்று குதித்தது. அவ்வளவுதான், கீழேயிருந்து மேல்மாடி வரைக்கும் ஜி பிளாக் மொத்தமாக இருண்டுபோனது.

பிறகு எங்கிருந்தோ ஒரு விசில். அடுத்து கைதட்டல். மாடிக்கு மாடி கைதட்டினார்கள், தட்டை எடுத்து அடித்தார்கள், ஜெயித்தவர்கள் மாதிரி ஆர்ப்பாட்டம். இருட்டில் மகிழினியின் குரல் கேட்டது.

"யம்மா, கரண்ட்தானே போச்சு, அல்லாரும் ஏன் கைதட்றாங்கோ?"

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஹில்டா டார்ச் வெளிச்சத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள், "இவ்ளோ லோடை வெச்சுகிட்டு இத்தனை நாள் எப்படிம்மா வெடிக்காம இருந்துச்சு?"

"முறை வெச்சிருந்தோம் மேடம். காலையில ஒரு பக்கம், சாய்ந்தரம் ஒரு பக்கம்."

ஹில்டா டார்ச்சை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தாள். "திட்டக் கமிட்டியில இந்தப் பக்கத்துல இருந்து ஒருத்தர் வேணும்னு தேடிக்கிட்டு இருக்கோம். நீங்க வரணும்."

"வரேன்," என்றாள் கன்னியம்மா, கொஞ்சமும் யோசிக்காமல். "ஆனா ஒண்ணு மேடம். எங்க வூட்டாண்ட ஆளு அனுப்பறப்போ காக்கி வேணாம், ஃபைலும் வேணாம். கைய ஆட்டிகினு வரச் சொல்லுங்க."

ஸ்குவாடு வருமோ என்று அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். வரவில்லை. மழை ஓய்ந்த பிறகு புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. கிரேனில் தூக்கி இறக்கியபோது வேலைக்காரர்கள் எல்லாரும் காக்கிதான். கிருஷ்ணப்பன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தூர நின்றார். ஸ்பேனரைக் கன்னியம்மா திருப்பிக் கொடுக்கவேயில்லை. வீட்டுக்கு வீடு கனமான ஒயரும் புது மீட்டரும் வந்தன. முறை ஒழிந்தது. கன்னியம்மா கிருஷ்ணாயில் ஸ்டவ்வைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு, கரண்ட் அடுப்பை அறை நடுவில் ராஜா மாதிரி உட்காரவைத்தாள். ஒருவேளைக்குப் பாதிச் சமையல் என்கிற கதையெல்லாம் போயே போயிற்று.

மார்கழி பிறந்தது. பனி இறங்கினால் மகிழினிக்கு எப்போதும் அதுதான் கெட்ட மாசம். முதல் குளிரின் விடியலில், வெளியே கோயில் மைக் பாட ஆரம்பிப்பதற்கும் முன்னால், நடுச்சுவரில் தட்டு விழுந்தது. மூன்று தட்டு, அவசர அவசரமாக.

கன்னியம்மா பதறி எழுந்து பிள்ளையைப் பார்த்தாள். போர்வைக்குள் சுருண்டு, வாயைத் திறந்துகொண்டு அசந்து தூங்கியது. நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தாள். விசிலே இல்லை.

"கன்னி," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜஹானாராவின் குரல் நடுங்கியது. "இன்னாடி, ராவெல்லாம் புள்ள சத்தத்தையே காணோம்? நான் முழிச்சிகினு கீறேன். எதுனா ஆயிருச்சா?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள் கன்னியம்மா. அழுகை வந்துவிடும் போலிருந்தது. பிள்ளை எழுந்துவிடுமோ என்றும் பயம். கையை மடக்கி, பழைய பம்பில் தட்டுகிற மாதிரி சுவரில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

அந்தப் பக்கம் ஜஹானாரா பாயில் சாய்ந்து படுக்கிற சத்தம் கேட்டது.